முன்மாதிரிப் பயணி

உத்திரமேரூர் சாலையில் காரில் போகிற பெரியவர்கள் எல்லோருக்கும் சீட் பெல்ட் போடத் தெரியும். போலீஸ் நிற்கிற இடமும் தெரியும். முதலாவது அறிவை இரண்டாவது இடத்தில் பயன்படுத்துவார்கள். தூரத்தில் காக்கி தெரிந்ததும் ஒரு கை தோளுக்கு மேலே போகும். பெல்ட்டை இழுத்து நெஞ்சுக்குக் குறுக்கே கொண்டுவந்து, முனையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொள்வார்கள். மாட்டுவதில்லை. மாட்டினால் கழற்ற வேண்டியிருக்கும். காக்கி தாண்டியதும் தொடையைக் கொஞ்சம் தூக்கினால் போதும், பெல்ட் தன் இடத்துக்குத் தானே போய்விடும்.

பின்சீட்டு பெல்ட் கார் வாங்கிய அன்றே சீட்டு உறைக்குக் கீழே போய்விடும். அதைப் பார்த்தவர்கள் குறைவு.

காருக்கு மட்டும் இந்த ஏற்பாடு புரியவில்லை. முன்சீட்டில் உட்கார்ந்தவர் பெல்ட் போடாவிட்டால் கீக் கீக் என்று கத்தும். அதற்கும் வழி உண்டு. கடையில் பெல்ட் இல்லாமல் கொக்கி மட்டும் விற்கிறார்கள். அதைச் செருகிவிட்டால் கார் சமாதானமாகிவிடும். கொக்கியின் மறுமுனையால் சோடா பாட்டிலும் திறக்கலாம்.

தை மாதத்தில் ஒரு காலை, காசிமின் காரில் அந்தக் கொக்கி இல்லை. நடந்த எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம்.

காசிம் உத்திரமேரூர் பஜாரில் வாடகைக் கார் வைத்திருப்பவன். அன்று மாகறலில் பஞ்சாட்சரத்தையும் அவர் மனைவி அம்முலுவையும் ஏற்றிக்கொண்டு திருப்புலிவனத்துக்குக் கிளம்பினான். பஞ்சாட்சரம் முன்னால் உட்கார்ந்தார். அம்முலு சீர்த்தட்டுகளோடு பின்னால் உட்கார்ந்தாள். கார் கத்த ஆரம்பித்தது.

"இன்னா பாய் இது, கோழிக்குஞ்சு மாதிரி கத்திக்கினே கீது?"

"கொக்கி ஒண்ணு இருந்துச்சுண்ணே. போன வாரம் வாலாஜாபாத் சவாரி. சோடா தொறக்கறோம்னு எடுத்தானுங்க. சோடாவையும் குடிச்சானுங்க, கொக்கியையும் எடுத்துக்கினு போய்ட்டானுங்க."

"இதை நிறுத்த முடியாதா? தல வலிக்குது."

காசிம் யோசித்தான். வேறு வழி தெரியவில்லை.

"பெல்ட்டு போட்டா நின்னுடும்ணே."

பஞ்சாட்சரத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. நெல் பயிரிடுகிறவர். டிராக்டர் ஓட்டுவார். பெல்ட் போட்டதில்லை. காசிம் ஒரு கையால் ஓட்டிக்கொண்டே இன்னொரு கையால் இழுத்து மாட்டிவிட்டான். டிக் என்றது. சத்தம் நின்றது.

"கழட்டும்போது என்னைக் கூப்புடு. அந்த பட்டன் மொரண்டு புடிக்கும். அதுக்கு ஒரு வித்தை கீது, எனக்குத்தான் தெரியும்."

"நீ மட்டும் போடலியே?"

"என் பக்கத்துக் கொக்கி பத்திரமா கீதுண்ணே."

பஞ்சாட்சரம் அவசரத்தில் இருந்தார். அவருடைய தங்கை சசிரேகாவின் மகள் பூஜாவுக்கு அன்று கல்யாணம். ஒன்பதிலிருந்து பத்தரை வரை முகூர்த்தம். தாய்மாமன் பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டிய பிறகுதான் மாப்பிள்ளை தாலியை எடுக்கலாம். அது அந்தக் குடும்பத்து வழக்கம். தங்க ரேக்கு ஒட்டிய அந்தப் பட்டம் அம்முலுவின் மடியில் இருந்த தட்டில், வெற்றிலை மேல் இருந்தது.

போன வருஷம் சசிரேகாவின் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் பஞ்சாட்சரம் போகவில்லை. வழியில் டிராக்டர் நின்றுவிட்டது. அது உண்மை. சசிரேகா நம்பவில்லை. பதினொரு மாதம் அண்ணனோடு பேசவில்லை. பத்திரிகை வைக்க வந்தபோது வாசலில் நின்றபடியே சொன்னாள்: "இதுக்கும் வரலன்னா எனக்கு அண்ணன்னு ஒருத்தன் இல்லன்னு நெனச்சிக்கிறேன்." தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

அதனால் பஞ்சாட்சரம் டிராக்டரை நம்பாமல் கார் வைத்தார்.

திருப்புலிவனத்துக்கு முன்னால், புளியமரங்களுக்குக் கீழே ஒரு பந்தல் இருந்தது. 'இருக்கைப் பட்டை விழிப்புணர்வு இயக்கம்' என்று துணியில் எழுதிக் கட்டியிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள், மைக், ஒரு மேசை. மேசை மேல் லட்டும் ரோஜாவும். சாலையில் தடுப்பு. வண்டிகள் வரிசையாக நின்றன.

காசிம் காக்கியைப் பார்த்தான். பெல்ட்டை இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்தான்.

வரிசை வேகமாக நகர்ந்தது. பெல்ட் போடாதவர்களைத் திட்டவில்லை, அபராதமும் இல்லை. இந்த இயக்கம் அன்பு வழியில் நடந்தது. போடாதவருக்கு ஒரு ரோஜா, ஒரு லட்டு. 'இனிப் போடுவேன்' என்று ஒரு வரி சொல்ல வேண்டும். பிறகு போகலாம். சில பேர் லட்டு வாயில் இருக்கும்போதே அந்த வரியைச் சொன்னார்கள். அதுவும் ஏற்கப்பட்டது.

காவலர் சோபியா காசிமிடம் வந்தாள்.

"தொடையத் தூக்கு பாய்."

காசிம் தூக்கினான். பெல்ட் சர்ரென்று போய்விட்டது. சோபியா ரோஜாவும் லட்டும் கொடுத்தாள். காசிம் வரியைச் சொன்னான். பின்னால் குனிந்து பார்த்தாள்.

"உங்களுக்கு பெல்ட்டு எங்கம்மா?"

"எனக்கா? பின்னாடி அதெல்லாம் கீதா?" என்றாள் அம்முலு.

அவளுக்கும் ஒரு ரோஜா கிடைத்தது. கொண்டையில் வைத்துக்கொண்டாள்.

பிறகு சோபியா பஞ்சாட்சரத்தைப் பார்த்தாள். தொடையைப் பார்த்தாள். பெல்ட்டைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. இன்னொரு தடவை இழுத்தாள். பந்தல் பக்கம் திரும்பிக் கத்தினாள்.

"சார்! ஒருத்தர் மாட்டிக்கினு கீறாரு சார்!"

பந்தலில் எல்லோரும் எழுந்தார்கள்.

இயக்கத்தின் ஒருங்கிணைப்பாளர் தினகரன் ஓடி வந்தார். வெள்ளைச் சட்டை, மார்பில் அட்டை. அவரும் பெல்ட்டை இழுத்துப் பார்த்தார். கொக்கியைத் தட்டிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"எங்களைப் பார்த்த பிறகு போட்டீர்களா?"

"இல்ல சார். மாகறல்லயே போட்டாச்சு."

"மாகறலில் சோதனை ஏதாவது நடக்கிறதா?"

"இல்ல சார்."

தினகரன் சோபியாவைப் பார்த்தார். "வண்டிச் சாவியை வாங்கிக்கொள்ளுங்கள். இவரை விட்டுவிடாதீர்கள்."

பஞ்சாட்சரம் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "சார், நான் இன்னா பண்ணேன்? போடக்கூடாதா? தெரியாம போட்டுட்டேன் சார்."

"நீங்கள்தான் முன்மாதிரிப் பயணி" என்றார் தினகரன். ஜன்னல் வழியாகக் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

விஷயம் இதுதான். முகாம் முடிவதற்குள், தானாகப் பெல்ட் போட்ட ஒருவரைக் கண்டெடுத்து இயக்கத்தின் மாவட்டக் காப்பாளர் கையால் பொன்னாடை போர்த்த வேண்டும் என்று தலைமை இடத்திலிருந்து உத்தரவு. முகாம் மூன்று நாளாக நடக்கிறது. ஆள் கிடைக்கவில்லை. அன்று கடைசி நாள். காப்பாளர் கிளம்பிவிட்டார். பொன்னாடையும் வாங்கியாகிவிட்டது.

"சார், எனக்குக் கல்யாணம். என் தங்கச்சி பொண்ணுக்கு. நான்தான் மாமன்."

"நல்லது. பட்டு வேட்டி படத்தில் எடுப்பாக இருக்கும்."

"பத்தரைக்குள்ள பட்டம் கட்டணும் சார்."

"காப்பாளர் வந்துகொண்டே இருக்கிறார். ஐந்து நிமிடம்."

"நீங்க போலாம்" என்று அம்முலுவிடமும் காசிமிடமும் சோபியா சொன்னாள். "வண்டியும் இவரும் மட்டும் இருக்கட்டும்."

"வண்டி இல்லாம நான் எங்க போறது?" என்றான் காசிம்.

"புருஷன் இல்லாம நான் எங்க போறது?" என்றாள் அம்முலு.

காரைப் பந்தலுக்குப் பக்கத்தில் வெயிலில் நிறுத்தினார்கள். சுற்றி ரிப்பன் கட்டினார்கள். பெல்ட் போடாத காசிம் நிழலில் நாற்காலியில் உட்கார்ந்து லட்டு தின்றான். பெல்ட் போட்ட பஞ்சாட்சரம் காருக்குள் இருந்தார்.

"நானும் கொஞ்சம் எறங்கறேன் சார். உள்ள வேவுது."

"வேண்டாம். கண்டெடுத்த நிலையிலேயே காப்பாளரிடம் காட்ட வேண்டும். கழற்றிவிட்டுத் திரும்பப் போட்டால், எங்களைப் பார்த்துப் போட்டதாக ஆகிவிடும்."

"அப்ப நான் நடந்தே போயிடறேன்."

"நடந்தால் நீங்கள் பாதசாரி. பாதசாரிகளுக்குப் பிப்ரவரியில் தனி முகாம் இருக்கிறது."

பஞ்சாட்சரம் தினகரன் பார்க்காத நேரத்தில் பட்டனை அழுத்திப் பார்த்தார். முரண்டு பிடித்தது. காற்று அந்தப் பக்கமாக அடித்தபோது திருப்புலிவனம் கல்யாண மண்டபத்து ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் கேட்டது.

பத்திரிகைக்காரர் ஒருவர் செய்தி எழுத வந்தார்.

"பெல்ட் போட வேண்டும் என்று உங்களுக்கு எப்படித் தோன்றியது?"

"கத்திக்கினே இருந்துச்சி சார். தல வலி."

"யார் கத்தியது?"

"காரு."

அவர் தினகரனைப் பார்த்தார். தினகரன் சொன்னார்: "மனசாட்சி என்று போடுங்கள்."

செல்போன் அடித்தது. சசிரேகா.

"எங்க கீற?"

"இங்கதான் சசி. உங்க மேளமே கேக்குது."

"கேக்குதுன்னா வா."

"வுட மாட்றாங்க. பெல்ட்டுக்குப் புடிச்சி வெச்சிக்கினு கீறாங்க."

"போடலன்னா ஃபைன் கட்டிட்டு வாயேன்."

"போட்டுக்கினு கீறேன். அதான் புடிச்சி வெச்சிக்கினு கீறாங்க."

அந்தப் பக்கத்தில் நாதஸ்வரத்துக்கு மேலே அவள் குரல் ஏறியது.

"கிரகப்பிரவேசத்துக்கு டிராக்டரு. கல்யாணத்துக்கு பெல்ட்டா?"

"டிராக்டர் நெசமாவே நின்னு போச்சு சசி."

"வர இஷ்டமில்லன்னா நேரா சொல்லுண்ணா. பெரியப்பா மவன் இருசப்பன் கீறான். நான் கட்டறேன் நான் கட்டறேன்னு துண்ட இடுப்புல கட்டிக்கினு நிக்கிறான். கடையில வேற பட்டம் வாங்கியாச்சு."

"சசி, அவன் கையால வேணாம். நான் பெத்த பொண்ணு மாதிரி அது. இரு, சார்கிட்ட குடுக்கறேன், அவரே சொல்லுவாரு."

தினகரன் போனை வாங்கினார். தொண்டையைச் சரிசெய்தார்.

"அம்மா, வணக்கம். உங்கள் சகோதரர் இந்த வட்டாரத்தின் பெருமை. அவருடைய தன்னலமற்ற கட்டுப்பாட்டை..."

"வேஷம் போட ஆள் வேற வெச்சிக்கினு கீறியா?" என்று சசிரேகாவின் குரல் வெளியே கேட்டது. போன் வைக்கப்பட்டுவிட்டது.

"உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார்" என்றார் தினகரன்.

இதற்குள் விஷயம் சாலையில் பரவிவிட்டது. பெல்ட் போட்டவனைப் பிடித்து வெயிலில் உட்கார வைத்து ரிப்பன் கட்டியிருக்கிறார்கள் என்று போனவர்கள் வருகிறவர்களுக்குச் சொன்னார்கள். அதுவரை தொடைக்கு அடியிலாவது வைத்துக்கொண்டு வந்தவர்கள் அதையும் விட்டார்கள். ஒருவர் கை இரண்டையும் தூக்கிக் காட்டிக்கொண்டே வந்தார். "பாருங்க சார், ஒண்ணும் போடல சார்." சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பம் நாலு பேரும் போட்டிருந்தார்கள். அங்கிருந்த டீக்கடைக்காரர் குறுக்கே ஓடிப்போய், கழற்றச் சொல்லி அவர்களைக் காப்பாற்றினார்.

ரோஜா தீர்ந்தது. காப்பாளருக்கு வாங்கிய மாலையிலிருந்து பிய்த்துக் கொடுத்தார்கள்.

காப்பாளர் வரவில்லை. நேரத்தை நிரப்பத் தினகரன் மைக்கைப் பிடித்தார். பந்தலில் காசிமும் அம்முலுவும் லட்டு பெட்டி கொண்டுவந்தவரும் இருந்தார்கள்.

"பெரியோர்களே, தாய்மார்களே. போன ஆண்டு இந்த இடத்தில் பெல்ட் போடாதவர்களுக்கு ஒரு கூடை ரோஜா கொடுத்தோம். இந்த ஆண்டு நான்கு கூடை. விழிப்புணர்வு நான்கு மடங்கு வளர்ந்திருக்கிறது. அடுத்த ஆண்டு எட்டுக் கூடைக்கு அனுமதி கேட்டிருக்கிறோம். நான் இந்த இயக்கத்தில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு தடவைகூடப் பெல்ட் போடாமல் படம் எடுத்துக்கொண்டதில்லை. பயத்தினால் பெல்ட் போடக்கூடாது. பயந்து போடுகிறவர்களை நான் மதிப்பதில்லை. எனக்குப் பயமில்லை. அதனால்தான் நான் வண்டியில் போகும்போது போடுவதில்லை."

லட்டு பெட்டி கொண்டுவந்தவர் கை தட்டினார்.

"ஏங்க" என்று அம்முலு கார் ஜன்னலில் வந்து நின்றாள். "மணி பத்தாவப் போவுது. பட்டத்தையாவது நான் எடுத்துக்கினு ஏதாவது வண்டியில போவட்டா?"

"பட்டம் போவும். கட்டறது யாரு? இருசப்பனா?"

தட்டிலிருந்த வெற்றிலை வாட ஆரம்பித்திருந்தது. அம்முலு முந்தானையால் அதை மூடினாள்.

பத்து மணிக்குச் சைரன் கேட்டது. முன்னால் ஒரு ஜீப், நடுவில் பெரிய கறுப்புக் கார், பின்னால் இன்னொரு ஜீப். கறுப்புக் காரின் கூரை திறந்திருந்தது. மாவட்டக் காப்பாளர் அதன் வழியாக இடுப்பு வரை வெளியே நின்று, இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு வந்தார். சாலையில் ஆள் இல்லை. மாடுகள் இருந்தன. அவற்றுக்கும் ஆட்டினார்.

கார் நின்றது. சோபியா காலையிலிருந்து செய்துகொண்டிருந்த வேலையைச் செய்தாள். உள்ளே குனிந்து பார்த்தாள். பெல்ட் இல்லை. ஒரு ரோஜாவையும் ஒரு லட்டையும் காப்பாளரிடம் நீட்டினாள்.

பந்தலிலிருந்து தினகரன் வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

காப்பாளர் ரோஜாவை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "எவ்வளவு அன்பான வரவேற்பு" என்றார். லட்டையும் தின்றார்.

பிறகு மைக்கில் பேசினார். "என்னைக் கேட்கிறார்கள், ஐயா, நீங்கள் ஏன் பெல்ட் போடுவதில்லை என்று. எனக்கும் மக்களுக்கும் நடுவில் எதுவும் குறுக்கே இருக்கக்கூடாது. அதுதான் என் கொள்கை. ஆனால் மக்கள் போட வேண்டும். மக்கள் உயிர் விலைமதிப்பில்லாதது. எங்கள் உயிருக்கு முன்னாலும் பின்னாலும் ஜீப் போகிறது. மக்களுக்கு யார் இருக்கிறார்கள்? ஒரு பெல்ட்தான் இருக்கிறது."

மணி பத்து ஐந்து. பஞ்சாட்சரம் ஜன்னல் வழியாகக் கும்பிட்டார். "சார், போர்த்திடுங்க சார். போர்த்திட்டா போயிடறேன்."

காப்பாளர் வந்து பொன்னாடை போர்த்தினார். படம் எடுப்பவர் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"பெல்ட் தெரியல சார். பொன்னாடை மறைக்குது."

பொன்னாடையை ஒரு பக்கம் ஒதுக்கினார்கள். இப்போது பொன்னாடை தெரியவில்லை.

"பெல்ட்டைக் கழற்றி, பொன்னாடைக்கு மேலே போட்டால்?" என்றார் காப்பாளர்.

"கண்டெடுத்த நிலை கெட்டுவிடும் ஐயா" என்றார் தினகரன். "உத்தரவில் தெளிவாக இருக்கிறது."

பொன்னாடையைத் தலைப்பாகையாகக் கட்டிப் பார்த்தார்கள். மடியில் வைத்துப் பார்த்தார்கள். பெல்ட்டும் பொன்னாடையும் காப்பாளர் முகமும் ஒரே படத்தில் வரவில்லை. ஜன்னல் சின்னது, காப்பாளர் பெரியவர்.

படம் எடுப்பவர் சலித்துப்போய்ச் சொன்னார். "ஐயாவே உள்ள உக்காந்து பெல்ட்டு போட்டுக்கினா மூணும் ஒரே ஃப்ரேம்ல வந்துடும்."

தினகரன் யோசித்தார். உத்தரவில் முன்மாதிரிப் பயணியின் பெயர் எதுவும் குறிப்பிடப்படவில்லை.

காசிமைக் கூப்பிட்டார்கள். அவன் கதவைத் திறந்து குனிந்தான். முட்டியால் சீட்டை ஓர் இடி இடித்துப் பட்டனை அழுத்தினான். டிக். பஞ்சாட்சரம் வெளியே வந்தார். கால் மரத்திருந்தது. காரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

காப்பாளர் உட்கார்ந்தார். மூச்சை உள்ளே இழுத்தார். காசிமும் தினகரனும் ஆளுக்கொரு பக்கம் இழுத்து மாட்டினார்கள். டிக். பொன்னாடையைத் தோளில் போட்டார்கள். காப்பாளர் ரோஜாவைக் கையில் பிடித்துச் சிரித்தார். படம் நன்றாக வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

"கழற்று" என்றார் காப்பாளர்.

காசிம் குனிந்தான். அப்போது திருப்புலிவனம் பக்கமிருந்து மறுபடி நாதஸ்வரம் கேட்டது. காசிம் நிமிர்ந்து பஞ்சாட்சரத்தைப் பார்த்தான். அவர் மண்டபம் இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

காசிம் மறுபடி குனிந்தான். பட்டனை அழுத்தினான். நிறைய அழுத்தினான். முட்டி மட்டும் அசையவில்லை.

"வரலியே சார்."

தினகரன் அழுத்தினார். சோபியா அழுத்தினாள். ஜீப்பில் வந்தவர்கள் வரிசையாக வந்து அழுத்தினார்கள். காப்பாளர் முகம் சிவந்தது.

"அறுத்துவிடுங்கள்!"

"பாதுகாப்புச் சாதனத்தைச் சேதப்படுத்துவது குற்றம் ஐயா" என்றார் தினகரன். "அதுவும் இன்றைக்கு. அதுவும் பத்திரிகைக்காரர் இருக்கிறார்."

"இதுக்கு ஒரு மெக்கானிக் கீறாரு சார்" என்றான் காசிம். "திருப்புலிவனத்துல. கல்யாண மண்டபத்துக்கு எதிர்லயே. அவரு கை வெச்சா வந்துடும்."

"அவரை இங்கே கூட்டிவா."

"வர மாட்டாரு சார். வண்டியத்தான் அங்க எடுத்துக்கினு போவணும். ஐயா எப்படியும் வண்டியிலதானே கீறாரு."

தினகரன் ரிப்பனை அவிழ்த்தார். சோபியா சாவியைக் கொடுத்தாள். பஞ்சாட்சரமும் அம்முலுவும் பின்சீட்டில் ஏறினார்கள். தினகரன் அவர்களை நெருக்கிக்கொண்டு ஏறினார். ஜீப் சைரன் போட்டது. தடுப்பை எடுத்தார்கள். முன்னால் ஒரு ஜீப், பின்னால் ஒரு ஜீப், நடுவில் காசிம், கடைசியில் காப்பாளர் இல்லாத கறுப்புக் கார். அவன் வாழ்க்கையில் அந்தச் சாலையில் அவ்வளவு வேகமாகப் போனதில்லை.

"மெதுவாகப் போ" என்றார் காப்பாளர், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு.

"ஐயாவுக்குப் பயமில்ல. பெல்ட்டு கீது" என்றான் காசிம். "எங்களுக்குத்தான்."

மண்டபத்து வாசலில் பத்து இருபதுக்குச் சைரன் நின்றது. மேளக்காரர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். சசிரேகா வாசலுக்கு ஓடி வந்தாள். பின்னால் இருசப்பன் வந்தான். இடுப்பில் துண்டு, கையில் கடையில் வாங்கிய பட்டம்.

பஞ்சாட்சரம் பின்கதவு வழியாக இறங்கினார். தலையில் பொன்னாடையின் சரிகை இரண்டு இழை ஒட்டிக்கொண்டிருந்தது. சசிரேகா ஜீப்புகளைப் பார்த்தாள், போலீசைப் பார்த்தாள். முன்சீட்டில் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்த மனிதரைப் பார்த்தாள்.

"இவரு யாரு?"

"இவரும் போட்டுக்கினாரு" என்றார் பஞ்சாட்சரம். "இவரையும் புடிச்சிக்கிச்சி."

சசிரேகா அண்ணன் தலையிலிருந்து சரிகை இழை ஒன்றை எடுத்தாள்.

"அப்ப டிராக்டரு?"

"அதுவும் நெசந்தான்."

அவள் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "சரி சரி, வா. பொண்ணு மணையில ஒக்காந்துக்கினு வாசலையே பாத்துக்கினு கீது." திரும்பி, "நீ அந்தத் துண்ட அவுத்துடு இருசப்பா" என்றாள்.

பஞ்சாட்சரம் பூஜாவின் நெற்றியில் பட்டம் கட்டினார். முடிச்சு இரண்டு தடவை நழுவியது, மூன்றாவது தடவை நின்றது. "லேட்டு மாமா" என்றாள் பூஜா மெதுவாக. "பேசாம இரு. ஐயர் பாக்கறாரு" என்றார் அவர். மேளம் கொட்டியது. மாப்பிள்ளை தாலியை எடுத்தார்.

வாசலில் மெக்கானிக் யாரும் இல்லை. காசிம் முட்டியால் சீட்டை இடித்துப் பட்டனை அழுத்தினான். டிக். "வண்டி ஓடினதுல லூசாயிருக்கும் சார்" என்றான். காப்பாளர் தன் காரில் ஏறிப் போனார். கூரையை மூடச் சொன்னார். தினகரன் மட்டும் பந்தியில் உட்கார்ந்தார். பாயசம் இரண்டு தடவை கேட்டு வாங்கினார்.

மாலையில் திரும்பும்போது காசிம் கார் எடுப்பதற்கு முன் செல்போனைக் காட்டினான். இயக்கத்தின் குழுவில் படம் வந்திருந்தது. காப்பாளர் பெல்ட்டோடு சிரித்துக்கொண்டிருந்தார். 'மூன்று நாள் தேடலில் கிடைத்த முன்மாதிரிப் பயணி. ஏழை விவசாயி வீட்டுத் திருமணத்துக்குப் பெல்ட் அணிந்தே சென்று வாழ்த்தினார்' என்று கீழே இருந்தது.

"உங்க பேரு இல்லியே" என்றாள் அம்முலு.

"நல்லதாப் போச்சி."

கார் கிளம்பியது. கீக் கீக் என்று கத்த ஆரம்பித்தது.

"போடறியாண்ணே?" என்றான் காசிம். "தல வலிக்குமே."

பஞ்சாட்சரம் தோளுக்கு மேலே தொங்கிய பெல்ட்டைப் பார்த்தார். புளியமரங்களுக்குக் கீழே பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சோபியா மட்டும் சாலையில் நின்றிருந்தாள், கையில் கடைசி ரோஜாவோடு.

"வேணாம் பாய்" என்றார். "காலையில எனக்கு நடவு கீது."